முப்பத்திரண்டு தகரம்

போதகர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம்
எனக்கு வீட்டுக்காரன் நினைவுதான் வரும்.
நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தார்கள்,
வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம்,
கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்கினார்கள்,
அவன் எழுந்து நடந்தான், ஆமென்.
சரி,
அன்றைக்கு ராத்திரி மழை பெய்திருந்தால்?
நான் தச்சன்.
என் காதில் வேதம் அப்படித்தான் விழுகிறது.

நியூ கினி மலையில் எங்கள் பள்ளத்தாக்கு.
ஆஸ்பத்திரியை நோய்வீடு என்போம்.
மிஷன் நோய்வீட்டுக்கு
ஒரு பகல், ஒரு ராத்திரி, இரண்டு ஆறு.
இரண்டாவது ஆற்றுக்குப் பாலம்
தேர்தலுக்குத் தேர்தல் வரும், போகும்.

காப்பி பழுத்த மாதத்தில் டோராவுக்கு வலி கண்டது.
குழந்தை குறுக்கே கிடந்தது.
இரண்டு மூங்கில், ஒரு போர்வை, நாலு தோள்.
முன்னால் சியூனே, கவுபா.
பின்னால் அவள் புருஷன் காவாகேயும் நானும்.
சேற்றில் எங்களுக்குக் கால் வழுக்கும்போதெல்லாம்
மேலேயிருந்து அவள்
மன்னிப்புக் கேட்டாள்.
முதல் ஆறு தாண்டினோம்.
இரண்டாவது ஆற்றங்கரையில்
சுமை கனத்தது.
அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

கதையில் வந்த நாலு பேருக்குக்
கூட்டம்தான் தடை.
எங்களுக்கு வாசலே ஒரு பகல் தள்ளியிருந்தது.
எந்தக் கூரையைப் பிரிப்பது?
கிடைத்திருந்தால் பல்லால் பிரித்திருப்பேன்.

கோயில் சாமான் அறையில்
முப்பத்திரண்டு தகரம் சாய்த்து வைத்திருந்தது.
மூன்று வருஷக் காப்பிக் காணிக்கை,
அதோடு இரண்டு பன்றி.
அளவெடுத்தவன் நான்.
பெந்தெகொஸ்துக்குள் புல்கூரையை இறக்கிவிட வேண்டும் என்று
மூப்பர்களுக்கு ஒரே அவசரம்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள்
விடியுமுன்னே தகரம் இடிபடும் சத்தம்.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
பெண்கள்.
தலைக்கு ஒரு தகரம்,
முதுகில் பிலும் பையில் வேகவைத்த கிழங்கு, சிலருக்குப் பிள்ளை.
டோராவைச் சுமந்த அதே வழியில்
வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை.

நோய்வீட்டு வளாகத்தில் ஒரு கொட்டகை.
நாள் நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து
படுத்துக் காத்திருக்க.
அவ்வளவுதான் அவர்கள் யோசனை.

கவுபாவின் பெரியப்பா வழிமறித்தார்:
"அது கர்த்தருடைய கூரை."
டோராவின் தங்கை நெல்மா
நிற்காமலே சொன்னாள்:
"அவர் நனைவார். பிறந்த அன்றே பழகியவர்."

அப்போதுதான் போதகர் வந்தார்.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.
மனுஷன் ஆணிப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் முதலில் வந்து படுத்தவள்
எங்களோடு சண்டை போட்ட குலத்துக்காரி.
என் அண்ணன் தோளில் இன்னும் இருக்கிறது
அவள் சித்தப்பன் விட்ட அம்பின் முனை.
நான் கூரைமேல் கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தேன்.
கீழேயிருந்து ஒரு குரல்:
"மூலையில் ஒழுகுது."
இறங்கி, அளந்து, மறுபடி ஏறினேன்.
வேறென்ன செய்ய?

தலைநகரத்திலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்தார்.
'நிதி வழங்கியவர்' என்று ஒரு கட்டம்.
டோரா என்றேன்.
முழுப்பெயர் கேட்டார்.
அமைப்பின் பெயரா என்று கேட்டார்.
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
ரத்தம் வைக்கிற குளிர்பெட்டி போன மாதமும் நின்றுபோனது.
நாலு பள்ளத்தாக்குக்கு ஒரே டாக்டர்,
அவருக்கும் மலேரியா.
தூரத்து ஊர்கள் அனுப்பும் மருந்துகளில்
பாதிக்கு ஆயுள் ஆறு வாரம்.
அங்கே ஒரு பெண் பத்து நிமிஷத்தில் போய்ச் சேரும் கதவுக்கு
இங்கே ஒருத்தி ஒன்பதாம் மாதத்தில்
ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது.
இதை ஜெபத்திலும் சொல்கிறோம்,
மாகாண அலுவலகத்திலும் சொல்கிறோம்.
இரண்டிலும் பதில் மெதுவாகத்தான் வருகிறது.

இந்த ஞாயிறும் மழை.
பாட்டுப்புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாடினோம்.
பலிபீடத்தின்மேல் ஒரு வாளி வைத்திருந்தது.
கோயிலுக்குப் புல் அறுக்க ஆள் தேவை என்று
அறிவிப்பு வாசித்தார்கள்.
கை தூக்கினேன்.